பயாப்ஸி ‘நார்மல்’ என்று வந்த பிறகும் ஹிஸ்டெரோஸ்கோபி தேவையா?

மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளான உங்கள் தாயாருக்கு இரண்டாம் முறையாக இரத்தக்கசிவு ஏற்பட்டிருப்பதாகவும், முதல் முறை எடுத்த பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ‘நார்மல்’ என்று வந்திருக்க, மருத்துவர் இப்போது ஹிஸ்டெரோஸ்கோபி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்வது வீண் செலவுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லள். ஆனால் என் அம்மாவுக்கு 61 வயதில் ஏறக்குறைய இதே நிலை வந்தது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: வீண் செலவு அல்ல, தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

அம்மாவுக்கு முதலில் பிறப்புறுப்பு வழியாக உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மி.மீ. தடித்திருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு கசிவு ஏற்படும் பெண்களுக்கு அது 4 மி.மீ.க்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் போனால் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். (4 மி.மீ.க்குள்ளேயே இருந்தாலும் கசிவு திரும்பத் திரும்ப வந்தால் திசுப் பரிசோதனை அவசியம்.) வெளிநோயாளிப் பிரிவிலேயே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தித் திசுவை உறிஞ்சி எடுத்தார்கள். குறையொன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து, துவைக்கப் போட்ட பாவாடையில் காசளவு கறையைப் பார்த்த அம்மா அதை இரண்டு நாள் எங்களிடம் சொல்லவே இல்லை.

அந்தக் குழாய் உள்ளே எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை அதைச் செலுத்துகிறவர் பார்ப்பதில்லை என்பதுதான் எங்களுக்கு அப்போது தெரியாத விஷயம். புற்று உள்சவ்வு முழுவதும் பரவியிருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்; ஒரு மூலையிலோ, போலிப் எனப்படும் சதை வளர்ச்சியிலோ மட்டும் இருந்தால் தப்பிவிடக்கூடும். மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி-யும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. கர்ப்பப்பையை அகற்றுவதற்குச் சற்று முன்பு சுரண்டிவிட்டு, அகற்றிய பின் அதைத் திறந்து பார்த்த 1975ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 100க்கு 60 பேருக்குச் சுரண்டும் கருவி பாதிப் பரப்பைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

ஹிஸ்டெரோஸ்கோபியில் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள கேமராக் குழாயைப் பிறப்புறுப்பு வழியாகச் செலுத்தி, சலைனால் கர்ப்பப்பையைச் சற்று விரித்து, நான்கு பக்கமும் பார்க்கிறார்கள். பல இடங்களில் மயக்க மருந்தே தேவைப்படுவதில்லை. அம்மாவின் பதிவை மருத்துவர் பிறகு எங்களுக்குப் போட்டுக் காட்டினார். வெளிர் ரோஜா நிறச் சுவர், வலது பக்கம் கருக்குழாய் வாயருகே தொங்கிய ஒரு போலிப், அதன் நுனியில் மட்டும் முறுக்கிக்கொண்ட இரத்த நாளங்களும் வெண்மையான திட்டுகளும். “போன தடவை இந்த மூலைக்கு டியூப் போயிருக்காதும்மா” என்றார். போலிப்பை முழுவதுமாகவும், சுற்றியிருந்த சவ்வைத் தனியாகவும் எடுத்து அனுப்பினார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்றோ இல்லை என்றோ முடிவு கட்டிவிட முடியாது. பத்தாலஜி ரிப்போர்ட்தான் கடைசி வார்த்தை. அம்மாவுக்கு அது ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று வந்தது. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார்கள், கதிர்வீச்சு தேவைப்படவில்லை. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள், மாதவிடாய் நின்ற பிறகு கசிவு ஏற்படும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் காரணம் புற்றுநோயாக இருக்கிறது.

இது ஏதோ புதுச் சோதனை என்று உங்கள் வீட்டில் யாராவது தயங்கினால் ஒன்று சொல்லுங்கள். 1869இல் பான்டலியோனி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்ததும் மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக்கசிவு கண்ட 60 வயதுப் பெண் ஒருவருக்குத்தான். அவர் கண்டதும் ஒரு போலிப்தான்.

சலைனோடு புற்றணுக்கள் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போய்விடாதா என்று நானும் கேட்டேன். சில அணுக்கள் போகலாம் என்றும், அதனால் நோயாளிகளின் ஆயுள் குறைந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை என்றும், ஆனாலும் திரவத்தின் அழுத்தத்தைக் குறைவாகவே வைப்பதாகவும் மருத்துவர் விளக்கினார். கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது, தொற்று ஆகியவை அரிதாக நேரக்கூடியவை. அம்மாவுக்கு மாதவிடாய் வலி போன்ற ஒரு பிடிப்பு அன்று மாலை வரையும், லேசான கசிவு மூன்று நாளும் இருந்தன.

உங்கள் தாயார் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால், அல்லது மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்ஸிஃபென் எடுத்தவராக இருந்தால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தமாக்ஸிஃபென் உள்சவ்வுப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் ‘திசு போதுமான அளவு இல்லை’ என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்படி எழுதியிருந்தால் அதற்கு ‘நார்மல்’ என்று பொருளே அல்ல.