இரவு விண்டோ 9 மணிக்குத் திறக்காமல் 2 மணிக்குத் திறக்கிறது

ஆரக்கிள் டேட்டாபேஸில் சர்வரின் வளம் யாருக்கு எவ்வளவு என்பதை மாற்ற ஒதுக்கும் நேரப்பகுதிதான் விண்டோ. உங்கள் இரவு விண்டோ 2 மணிக்குத்தான் திறக்கிறது, ரிப்போர்ட் யூசர் அதுவரை திணறுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். இரவு விண்டோவின் பிரயாரிட்டியை 'ஹை' ஆக்குங்கள், 9 மணிக்கே திறந்துவிடும். ஆரக்கிளில் ஒரு நேரத்தில் ஒரு விண்டோதான். இரண்டின் நேரம் மோதி, இரண்டும் 'லோ' என்றால் முதலில் திறந்ததே நீடிக்கும்.

உங்கள் பகல் விண்டோ காலை 6 முதல் இரவு 10 வரை; இரவு விண்டோ 9 முதல் விடிகாலை 5 வரை. 10 மணிக்குப் பகல் விண்டோ மூடும்போது, எதற்கு மீதி நேரம் சதவீதத்தில் அதிகமோ அது திறக்கும். வார நாட்களில் ஆரக்கிளின் சொந்தப் பராமரிப்பு விண்டோவும் அதே 10 மணிக்குத் தொடங்கும், 4 மணி நேரம். அதற்கு 100 சதவீதம், உங்கள் இரவு விண்டோவுக்கு 87.5 (8 மணி நேரத்தில் 7 மீதி). ரிப்போர்ட் யூசர் 2 மணி வரை திணறுவது அதனால்தான் இருக்கும்.

இரவு 10:15க்கு விண்டோக்களின் நிலையைக் காட்டும் டிபிஏ_ஷெட்யூலர்_விண்டோஸ் வியூவில் 'ஆக்டிவ்' எதற்கு 'ட்ரூ' என்று பாருங்கள்.

ஆனால் ஒன்று. இப்படி மாற்றினால் பராமரிப்பு விண்டோ திறக்காது, அதில் நடக்கும் புள்ளிவிவரச் சேகரிப்பும் (டேபிள்களின் அளவு போன்ற விவரங்களைத் திரட்டுவது; அதை வைத்தே ஆரக்கிள் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும்) நின்றுவிடும். குறுவை அறுவடையில் மன்னார்குடி அரிசி ஆலையில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது: எடைச்சீட்டு டேபிள் நாளுக்கு நாள் பெருக, நொடியில் வந்த லாரிக் கணக்கு நிமிடக்கணக்கில் இழுத்தது. அப்புறம் பராமரிப்பு விண்டோவை டிசேபிள் செய்து, நேரத்தை விடிகாலை 5 முதல் 6 என மாற்றி, மறுபடி எனேபிள் செய்தோம். உங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் காலியாகத்தானே இருக்கிறது.