காரீயச் சின்டரில் கைக்கு வராத வேகம்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர்): அண்ணே, சின்டர் மெஷின் மெதுவா ஓடினா பெரிய புளோவர் போட்டா போதாதா?

பதில்: போதாது தம்பி. சின்டர் மெஷின் என்பது காரீயத் தாதுத் தூளைக் காற்று ஊதி எரித்து, கெட்டியான கட்டியாக (அதுதான் சின்டர்) சுடும் இயந்திரம். அதில் பரப்பிய கலவைப் படுக்கை ஒரே சீராக இல்லையென்றால் கூடுதல் காற்று வெடிப்பு வழியாகத்தான் ஓடும். மற்ற இடம் பச்சையாகவே கிடக்கும். வெளியேறும் கந்தக டை ஆக்சைடும் நீர்த்துப்போய் ஆசிட் பிளாண்டுக்கு உதவாது. காற்று புகுந்து போகிற மாதிரி கலவையைத் தயார் செய்வதுதான் முதல் வேலை. புளோவரைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி (அதே மாணவர்): கலவையில் கந்தகம் எவ்வளவு இருக்கணும்?

பதில்: 5 முதல் 7 சதவீதம். கான்சன்ட்ரேட்டில் (செறிவூட்டிய தாதுத் தூளில்) 18 சதவீதம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே எரித்தால் சூடு மிஞ்சி, எரிவதற்கு முன்பே உருகி, காற்று வழியை அடைத்துவிடும். அதனால்தான் ஏற்கெனவே சுட்ட சின்டரை நொறுக்கித் திரும்பக் கலக்கிறோம். 100 கிலோ கலவைக்கு 28 கிலோ கான்சன்ட்ரேட், 1.5 சதவீதம் கந்தகமுள்ள பழைய சின்டர் 60 கிலோ, சுண்ணாம்புக்கல், மணல், இரும்புத்தாது சேர்த்து 12 கிலோ. கணக்குப் போட்டால் 6 சதவீதத்தை ஒட்டி வரும். பழைய சின்டர் 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கட்டும். ரொம்பப் பொடியானால் அடைக்கும், பெரிதாக இருந்தால் புதுத் தூள் அதன்மேல் ஒட்டாது. இந்த நொறுக்கும் பகுதியைத்தான் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி (லேப் உதவியாளர்): ஈரப்பதத்தை எப்படிப் பார்ப்பது அண்ணே?

பதில்: மீட்டர் இருந்தாலும், கையுறை போட்டு கலவை டிரம்மிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள் தங்கச்சி. பிடித்த உருவம் நிற்கணும், விரலால் தட்டினால் மணிமணியாக உதிரணும். சேறாக ஒட்டினால் தண்ணீர் அதிகம், தூசி பறந்தால் குறைவு. பெரும்பாலும் 5, 6 சதவீதத்தில் சரியாக வரும்.

கேள்வி: காற்றை ஏன் கீழிருந்து மேலே ஊதுகிறார்கள்?

பதில்: மேலிருந்து கீழே உறிஞ்சினால் உருகிய காரீயம் சொட்டி, படுக்கையைத் தாங்கும் தட்டிக் கம்பிகளையும் காற்றுப்பெட்டியையும் அடைக்கும். ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீயில் 1950களில் கீழிருந்து ஊதும் முறையை வளர்த்தெடுத்தார்கள். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அடுக்கை மட்டும் மேலிருந்து பற்றவைத்து, அதன்மேல் மீதிக் கலவையைப் பரப்பி, பிறகு ஊதுகிறார்கள். அந்த மெல்லிய அடுக்கு ஓரத்தில் பற்றாமல் விட்டால் அந்த ஓரம் கடைசிவரை வேகாது.

கேள்வி: நல்ல சின்டர் என்று எப்படித் தெரியும்?

பதில்: உடைத்துப் பாருங்கள். உள்ளே துளைத்துளையாக, கெட்டியாக இருக்கணும். மினுமினுக்கும் கருப்புப் புள்ளி தெரிந்தால் கலீனா (கந்தகம் சேர்ந்த காரீயத் தாது) எரியாமல் கிடக்கிறது. எஞ்சிய கந்தகம் 2 சதவீதத்துக்கு மேல் போனால் அடுத்து சின்டரை உருக்கும் உலையில் செம்போடு சேர்ந்து மேட் (உருகிய உலோக சல்பைடு) ஆகும், காரீயத்தையும் கூடவே இழுத்துப்போகும்.

கேள்வி (பேட்டரி மறுசுழற்சித் தொழிலாளி): பழைய பேட்டரிப் பசையை இதில் போடலாமா?

பதில்: கொஞ்சம் போடலாம். அது பெரும்பாலும் காரீய சல்பேட். எரிந்து சூடு தராது, சிதையும்போது படுக்கையின் சூட்டைத்தான் தின்னும். சோடா சாம்பலால் கந்தகத்தை முன்கூட்டியே நீக்கித் தனியாக உருக்குவதே மேல். மலேசியாவில் பழைய பேட்டரி அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு), எண் எஸ்.டபிள்யூ. 102. உரிமம் இல்லாமல் தோட்டத்து லயத்தில் வாணலி வைத்து உருக்கவே கூடாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்கும் போகாதீர்கள் அண்ணே, அந்தத் தூசியில் முதலில் கெடுவது பிள்ளைகளின் மூளை வளர்ச்சி.