குழுவிடம் கதை சொல்லியும் நெருக்கம் வரவில்லையா?

புதுக் குழுவோடு நெருக்கம் வர உங்கள் அனுபவக் கதைகள் மூன்றைச் சொன்னதாகவும், எல்லோரும் அமைதியாகிவிடுவதாகவும், கதை சொல்வதையே நிறுத்திவிடலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டியது கதை சொல்வதை அல்ல, நீங்கள் ஜெயித்த கதைகளை. அந்த மூன்று கதைகளிலும் கடைசியில் நீங்கள்தான் சரி. கேட்பவர்களுக்கு அது பாடம் எடுப்பது போல இருந்திருக்கும், அதனால்தான் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் தப்பாக முடிவெடுத்த ஒரு சம்பவத்தை, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதையும் சேர்த்து, இரண்டே நிமிடத்தில் சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். யாராவது தன் கதையை ஆரம்பித்தால் சரியான வழிதான்.

ஒன்று கவனம்: 1966-இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் குழுவினர் நடத்திய சோதனையில், திறமைசாலி காபியைக் கொட்டிக்கொண்டபோது அவரை இன்னும் பிடித்துப்போனது, சுமாரானவர் கொட்டியபோது பிடிப்பு குறைந்தது. அதனால் உங்கள் வேலைத்திறனை அவர்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். அடுத்தவர் நம்பிச் சொன்னதை மட்டும் கதையாக்கவே வேண்டாம்.