கல்லூரிக் கணக்கில் இரண்டு அரியர். அல்ஜீப்ராவை மறுபடி படிக்கவா, நேரே கால்குலஸுக்குப் போகவா?

கேட்டவர் பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு முடித்தவர். பள்ளியில் தமிழ்வழி. துணைப்பாடக் கணிதம் இரண்டு பருவத்திலும் போய்விட்டதாம். "கால்குலஸ் எனக்கு ஏறவே இல்லை" என்கிறார்.

கால்குலஸில் விழுந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் வரும் அல்ஜீப்ராவில்தான் விழுந்திருப்பீர்கள். நானும் அதே பள்ளத்தில் கிடந்தவன்.

எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். எங்கள் பக்கத்தில் கணக்கு வகுப்பு என்றாலே முதல் நாளே ராமானுஜனை இழுத்துவிடுவார்கள். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர். நான் மற்ற எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் போனேன்.

நன்றாகத்தானே எழுதினோம், திருத்தியவர் தூங்கிவிட்டார் போல என்று பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். வரையறையிலிருந்து தொடங்கி எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழுவை, அதாவது டெரிவேட்டிவை, காண வேண்டும், அதுதான் கேள்வி. எக்ஸை ஹெச் அளவு நீட்டி, கூடியதை ஹெச்சால் வகுத்து, ஹெச்சைப் பூஜ்ஜியத்தை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது வரியிலேயே 'எக்ஸ் பிளஸ் ஹெச் ஹோல் ஸ்கொயர்' என்பதை 'எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஹெச் ஸ்கொயர்' என்று விரித்திருக்கிறேன். அதில் எக்ஸ் ஸ்கொயரைக் கழித்து ஹெச்சால் வகுத்தால் மிஞ்சுவது வெறும் ஹெச். ஹெச் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது விடையும் பூஜ்ஜியம். ஆனால் விடை 2எக்ஸ் என்பது எனக்கு மனப்பாடம் ஆயிற்றே! கடைசி வரியில் எங்கிருந்தோ ஒரு 2எக்ஸ் வந்து இறங்கியிருந்தது. சிவப்பு மையில் சுழித்திருந்தது இரண்டாவது வரியை. திருத்தியவர் தூங்கவில்லை.

அந்தத் தப்பு எனக்குப் புரிந்தது வயல் கணக்கில். தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கில் 12 அடி ஒரு கோல். கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக, பத்துக் கோல் பக்கமுள்ள சதுர வயல் சரியாக ஒரு மா. கிழக்கே மூன்று கோல், தெற்கே மூன்று கோல் வாங்கிச் சேர்த்து அதையும் சதுரமாக்கினால் 13 பெருக்கல் 13, 169 குழி. என் விடைத்தாள் முறைப்படி 100 கூட்டல் 9, 109 குழிதான். அப்பாவிடம் சொன்னேன். "மிச்சம் அறுபது குழி எங்கடா?" என்றார். அரை அடி வரப்புக்குக் கோர்ட்டுப் படி ஏறுகிற ஊரில் நான் அறுபது குழியைத் தொலைத்திருக்கிறேன். தாளில் வரைந்து பாருங்கள்: கிழக்கே பத்துக்கு மூன்று ஒரு பட்டை, தெற்கே அதே போல ஒரு பட்டை, அப்புறம் மூலையில் மூன்றுக்கு மூன்று ஒரு துண்டு. நான் மூலையை எழுதிவிட்டுப் பட்டைகளை விட்டிருந்தேன்.

இப்போது மூன்று கோலுக்குப் பதில் 0.1 கோல் மட்டும் நீட்டுங்கள். பட்டைகள் இரண்டும் சேர்ந்து 2 குழி, மூலைத்துண்டு 0.01 குழி. மொத்தத்தை 0.1 ஆல் வகுத்தால் 20.1. நீட்டியது 0.01 கோல் என்றால் 20.01. மூலை தேய்ந்துகொண்டே போகிறது, பட்டைகள் நிற்கின்றன. பக்கம் 10, விடை 20. எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழு 2எக்ஸ் என்று மனப்பாடம் செய்தது இந்த இரண்டு பட்டைகளைத்தான்.

தொகையிடல், அதாவது இன்டெக்ரேஷன், உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், டெல்டாக்காரர் என்றால். மேட்டூரில் வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று டீக்கடையில் கேட்காமல் நம் ஊரில் ஜூன் மாதம் போகாது. வரத்தும் திறப்பும் கன அடியில், ஒரு விநாடிக்கு. இருப்பு டிஎம்சியில், ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வரத்து 25,000, திறப்பு 12,000 என்றால் வித்தியாசம் 13,000. நாள் முழுக்க அதுவே நீடித்தால் 112.32 கோடி கன அடி, அதாவது 1.12 டிஎம்சி இருப்பு கூடும். வரத்து மணிக்கு மணி மாறினால்? மணி மணியாக நறுக்கிக் கூட்டுங்கள். இன்னும் பொடியாக நறுக்கினால் அதுதான் தொகையிடல். வேகத்திலிருந்து இருப்புக்குப் போவது தொகையிடல், இருப்பிலிருந்து வேகத்துக்கு வருவது வகையிடல்.

சங்கிலி விதியும் (செயின் ரூல்) அங்கேயே இருக்கிறது. அடிக்கு எத்தனை டிஎம்சி என்பதை நாளுக்கு எத்தனை அடி என்பதால் பெருக்கினால் நாளுக்கு எத்தனை டிஎம்சி என்று வரும், அவ்வளவுதான் விதி. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. சராசரி பார்த்தால் அடிக்கு 0.78 டிஎம்சி. ஆனால் மேலே போகப் போகப் பரப்பு விரிவதால், உச்சியில் ஓரடி ஏற இதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். அதனால்தான் அதே வரத்துக்கு அடியில் கிடுகிடுவென ஏறுகிற மட்டம் 110 தாண்டியதும் நகர மறுக்கிறது.

புத்தகம் என்றால் அரசுப் பாடநூலே போதும், இணையத்தில் இலவசம். பிளஸ் ஒன் முதல் தொகுதியில் அடிப்படை இயற்கணிதமும் (அல்ஜீப்ராதான்) முக்கோணவியலும், இரண்டாம் தொகுதியில் எல்லை, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டையும் ஒரே பாடத்தில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எனக்குப் பாதிப் பயம் வார்த்தைகளில்தான் இருந்தது. 'இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸ்' என்றதும் வெலவெலத்தவன், 'பகுதித் தொகையிடல்' என்று பார்த்ததும் இது நமக்குத் தெரிந்ததாயிற்றே என்று உட்கார்ந்தேன். கைடு வாங்காதீர்கள். கைடு படித்துத்தான் என் 2எக்ஸ் வானத்திலிருந்து இறங்கியது.

அல்ஜீப்ரா வேண்டுமா வேண்டாமா என்று தெரிய மூன்று கேள்வி. ஒன்றின் கீழ் 'எக்ஸ் பிளஸ் 1' என்ற பின்னத்தை இரண்டாகப் பிரிக்க முடியுமா? (எக்ஸுக்கு 1 போட்டால் அரை வர வேண்டும். பிரித்தவருக்கு 2 வரும்.) 9 கூட்டல் 16இன் வர்க்கமூலம் 7ஆ, 5ஆ? 2இன் அடுக்கு 3ஐ 2இன் அடுக்கு 4ஆல் பெருக்கினால் அடுக்கு 7ஆ, 12ஆ?

யோசிக்காமல் மூன்றும் சரியாக வந்தால் நேரே இரண்டாம் தொகுதி. ஒன்றில் தயங்கினாலும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், ஒரு மாதத்தில் மேலே வந்துவிடலாம். நான் தங்கச்சியின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போட்டு, மேலே 'அல்லைடு மேத்ஸ்' என்று எழுதி, மன்னார்குடி பஸ்ஸில் வைத்துப் படித்தேன்.