ஃபயர்வால் ரூல்களை ஸ்கிரிப்ட் மூலம் நீக்கும்போது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கூகுள் கிளவுட் விபிசியில் (தனி நெட்வொர்க்கில்) பழைய ஃபயர்வால் ரூல்கள் (எந்த இணைப்பை விடுவது, எதை மறுப்பது என்ற விதிகள்) ஏகத்துக்கும் சேர்ந்துவிட்டன. பெயரில் "டெம்ப்" என்று வருவதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் போட்டு நீக்கிவிடலாமா சார்?

பதில்: பெயரை வைத்து நீக்காதீர்கள். ஜிக்ளவுட் (கூகுள் கிளவுட்டின் கட்டளைக் கருவி) ஃபில்டரில் அலைக்குறி (~) போட்டுத் தேடினால், அந்த எழுத்துகள் பெயரில் எங்கே வந்தாலும் பிடித்துவிடும். "டெம்ப்" தேடினால் "டெம்ப்ளேட்" என்று தொடங்குகிற ரூலும் பட்டியலில் வந்து நிற்கும். இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. தேடும் சொல்லை ஒரு வேரியபிளில் வைத்திருந்து, ஏதோ காரணத்தால் அது காலியாகப் போய்விட்டால், அந்த ஃபில்டர் எல்லா ரூலுக்கும் பொருந்திவிடக்கூடும். கூடவே "கொயட்" விருப்பமும் இருந்தால், உறுதி கேட்காமலே மொத்தமும் போய்விடும்.

நீக்க வேண்டியவற்றின் முழுப் பெயர்களை ஒரு கோப்பில் எழுதுங்கள். இன்னொருவர் அதைப் பார்க்கட்டும். ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை மட்டுமே படிக்கட்டும். கோப்பு காலியாக இருந்தாலோ, எதிர்பார்த்த எண்ணிக்கையைத் தாண்டினாலோ அங்கேயே நின்றுவிட வேண்டும். நீக்கும் முன் ஒவ்வொரு ரூலின் விவரத்தையும் "டிஸ்கிரைப்" கட்டளையால் ஜேசான் (JSON) என்ற உரை வடிவில் சேமித்து வையுங்கள். நீக்கிய ரூலைத் திரும்பக் கொண்டுவரும் வசதி கிடையாது. அந்தக் கோப்பைப் பார்த்து மறுபடி உருவாக்குவது ஒன்றே வழி.

கேள்வி: ஒரு ரூல் பயன்பாட்டில் இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: கூகுள் கிளவுட்டில் வழி சுலபம். முதலில் அந்த ரூலுக்கு லாகிங்கை (இணைப்புகளைப் பதிவு செய்வதை) இயக்குங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் தொகுப்பு வேலைகள் (பேட்ச் ஜாப்) இருக்கும் என்பதால், ஒரு முழு மாதச் சுற்றாவது கவனியுங்கள். ஃபயர்வால் லாக் டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகை இணைப்புகளை மட்டும்தான் பதிவு செய்யும். பிங் போன்றவற்றுக்கான ஐசிஎம்பி ரூலின் லாக் காலியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்து, நீக்காமல் "டிஸேபிள்" செய்யுங்கள். டெராஃபார்மில் (கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) கூகுள் ஃபயர்வால் ரிசோர்ஸுக்குள் டிஸேபிள்டு என்பதை ட்ரூ ஆக்கினால் போதும். ஏதாவது உடைந்தால் ஒரே வரியில் திருப்பிவிடலாம். ஒரு வாரம் யாரும் குறை சொல்லவில்லை என்றால் நீக்குங்கள். என்னைக் கேட்டால், டிஸேபிள் செய்யாமல் நேராக நீக்கும் பைப்லைனை (தானாக ஓடும் படிவரிசையை) அனுமதிக்கவே கூடாது.

மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுட்டில் ஃபயர்வால் வேலையைச் செய்யும் என்எஸ்ஜியில் இந்த வசதி இல்லை. அங்கே அலவ் (அனுமதி) ரூலை அதே இடத்தில் டினை (மறுப்பு) ஆக மாற்றிவிட்டுக் கவனிக்கலாம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட்டில் இதே வேலையைச் செய்யும் செக்யூரிட்டி குரூப்பில் டினை என்பதே கிடையாது. விபிசி ஃப்ளோ லாகில் (நெட்வொர்க் போக்குவரத்துப் பதிவில்) ஏற்றதா மறுத்ததா என்று தெரியும், ஆனால் எந்த ரூலால் என்பது தெரியாது. ஆகவே மூல ஐபி, போர்ட் இரண்டையும் ரூலோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: டினை ரூலை நீக்குவதில் என்ன ஆபத்து? எப்படியும் கடைசியில் எல்லாம் மறுக்கப்படும்தானே?

பதில்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கூகுள் கிளவுட்டில் உள்ளே வருவதை மறுக்கும் உள்ளார்ந்த ரூல் 65535 என்ற முன்னுரிமையில் இருக்கிறது. எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். "டிஃபால்ட்" நெட்வொர்க்கில் தானாக வரும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி, போர்ட் 22) அனுமதி ரூல் 65534-ல் உட்கார்ந்திருக்கிறது. அது அனுமதிக்கும் மூல முகவரி 0.0.0.0/0, அதாவது இணையத்தில் எங்கிருந்தும்.

இப்போது ஒருவர் 35.235.240.0/20 என்ற ஐஏபி (அடையாளம் சரிபார்த்து உள்ளே விடும் கூகுள் சேவை) வரம்புக்கு மட்டும் போர்ட் 22-ஐ 900-ல் அனுமதித்து, மற்ற எல்லோருக்கும் 1000-ல் மறுத்து வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அந்த 1000 ரூல் வீண் என்று நினைத்து நீக்கினால், மறுப்பு 65535-க்குப் போகாது. அதற்கு முன்பே 65534 பிடித்துக்கொள்ளும். வெளி ஐபி உள்ள ஒவ்வொரு விஎம்மின் (மெய்நிகர் சர்வரின்) எஸ்எஸ்ஹெச்சும் உலகத்துக்கே திறந்துவிடும். எந்த சேவையும் உடையாது, எந்த அலாரமும் அடிக்காது. அதனால்தான் அலவ் ரூலை நீக்குவதைவிட டினை ரூலை நீக்குவதற்கு இரட்டிப்புக் கவனம் தேவை.

கேள்வி: டெராஃபார்மில் லிஸ்ட்டிலிருந்து ஒரே ஒரு ரூலை எடுத்தேன். பிளானில் (என்ன மாறும் என்ற முன்னோட்டத்தில்) நான்கு ரூல் நீக்கப்படும் என்று காட்டுகிறது. ஏன்?

பதில்: "கவுண்ட்" பயன்படுத்தியிருப்பீர்கள். அது ரூலை வரிசை எண்ணால்தான் அடையாளம் காணும். ஐந்தில் இரண்டாவதை எடுத்தால், அடுத்த மூன்றும் ஒரு படி மேலே நகரும். ரூலின் பெயர் மாறினால் பழையதை நீக்கிப் புதிதாக உருவாக்கத்தான் வேண்டும். ஆக மூன்று மாற்றீடு, கடைசியில் ஒன்று முழு நீக்கம். நீக்குவதற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் சில நொடிகளாவது அந்தப் பாதை அடைபடும்.

அந்த பிளானை அப்ளை செய்யாதீர்கள். எடுத்த ரூலைத் திரும்ப லிஸ்ட்டில் வைத்து, பெயரைச் சாவியாகக் கொண்ட "ஃபார் ஈச்" முறைக்கு மாறுங்கள். பழைய முகவரியைப் புதியதோடு இணைக்க "மூவ்டு" பிளாக் எழுதுங்கள், இது 1.1 பதிப்பிலிருந்து உண்டு. பிளானில் நீக்கம் பூஜ்யம் என்று வந்த பிறகு ரூலை எடுங்கள்.

கேள்வி: டெராஃபார்மில் நீக்கத்தைத் தடுக்கும் "ப்ரிவென்ட் டெஸ்ட்ராய்" வரியைப் போட்டிருந்தால் பாதுகாப்புதானே?

பதில்: பாதிதான். ரிசோர்ஸ் பிளாக்கையே கோடிலிருந்து எடுத்துவிட்டால், அந்த வரியும் சேர்ந்தே போய்விடும். தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். நம்பத் தகுந்த காவல் பைப்லைனில்தான் இருக்க வேண்டும். பிளானை "அவுட்" விருப்பத்தோடு கோப்பாகச் சேமித்து, ஜேசானாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆக்‌ஷன்ஸ் பட்டியலில் "டெலீட்" இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றீட்டிலும் அந்தச் சொல் இருக்கும், அதையும் சேர்த்துப் பிடிக்கும். இருந்தால் மனித ஒப்புதல் இல்லாமல் நகரக் கூடாது. அப்ளை செய்வது அதே கோப்பைத்தான். இடையில் ஸ்டேட் (டெராஃபார்ம் வைத்திருக்கும் நிலைப் பதிவு) மாறியிருந்தால், பிளான் பழசாகிவிட்டது என்று டெராஃபார்மே மறுத்துவிடும்.

கேள்வி: ஆன்சிபிளில் (சர்வர், கிளவுட் அமைப்புகளைத் தானாகச் செய்யும் கருவி) ஒரு புது ரூல் சேர்த்தேன். ஏடபிள்யூஎஸ் செக்யூரிட்டி குரூப்பில் இருந்த மற்ற ரூல்கள் எல்லாம் காணோம்!

பதில்: செக்யூரிட்டி குரூப்பைக் கையாளும் ஆன்சிபிள் மாட்யூலில் "பர்ஜ் ரூல்ஸ்" இயல்பாகவே ட்ரூ. பிளேபுக்கில் (ஆன்சிபிளுக்கு நீங்கள் எழுதும் கோப்பில்) எழுதியதுதான் முழுப் பட்டியல் என்று அது எடுத்துக்கொள்ளும், மீதியை நீக்கிவிடும். சேர்ப்பது மட்டும் நோக்கமானால் அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். வெளியே போகும் ரூல்களுக்கு இதேபோல் தனி விருப்பம் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஓட்டும் முன் "செக்", "டிஃப்" இரண்டையும் போட்டால் என்னவெல்லாம் போகப்போகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கைவைக்கவே கூடாத ரூல்கள் உண்டா?

பதில்: 35.191.0.0/16, 130.211.0.0/22 இரண்டும் கூகுள் லோட் பேலன்சரின் (வரும் கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்துத் தருவது) ஹெல்த் செக், அதாவது சர்வர் நலமா என்று பார்க்கும் சோதனை, வரும் வரம்புகள். அவற்றை அனுமதிக்கும் ரூல் போனால், சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பேக்எண்டு (பின்னால் உள்ள சர்வர்கள்) நோயாளியாகக் காட்டும், பயனருக்கு 502 போன்ற பிழை வரும். குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) தானாக உருவாக்கிய ரூல்களையும் விட்டுவிடுங்கள். கிளஸ்டரையோ சர்வீஸையோ நீக்கினால் அவையும் போகும்.

கேள்வி: அஷூரில் ரூலை நீக்கிய பிறகும் பழைய இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. நீக்கம் வேலை செய்யவில்லையா?

பதில்: வேலை செய்கிறது. என்எஸ்ஜி மாற்றம் புதிய இணைப்புகளைத்தான் பாதிக்கும். ஏடபிள்யூஎஸ்ஸிலும் ட்ராக் செய்யப்படும் இணைப்பு உடனே அறுபடாது. அங்கே உடனே அறுக்க வேண்டுமானால் நெட்வொர்க் ஏசிஎல்லில் (சப்நெட் அளவில் இயங்கும் தனி வடிகட்டி) மறுக்க வேண்டும். ஆகவே திறந்திருக்கும் டெர்மினலை வைத்துச் சோதிக்காதீர்கள். அதை மூடாமல் அப்படியே விட்டு, இன்னொரு இயந்திரத்திலிருந்து புதிதாக இணைத்துப் பாருங்கள். தவறான ரூலை நீக்கியிருந்தால், திரும்ப உள்ளே போக அந்தப் பழைய டெர்மினல் உதவும்.