யாங்கீஸ் ஜெயித்தால் எப்போது கவலைப்பட வேண்டும்?

கேள்வி: பாஸ்டனில் வசிக்கும் நான், அமெரிக்க பேஸ்பாலில் ரெட் சாக்ஸ் அணியின் ரசிகன். செப்டம்பர் வந்துவிட்டால் எங்கள் அணியின் ஆட்டத்தைவிட, எங்கள் டிவிஷனிலேயே (பிரிவிலேயே) இருக்கும் நியூயார்க் யாங்கீஸ் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அதிகம் பொருமுகிறேன். அவர்கள் ஜெயிக்கும் இரவுகளில் தூக்கமே வருவதில்லை. அந்த வெற்றிகள் எங்களை உண்மையில் எவ்வளவு பாதிக்கின்றன? சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்றுகளான பிளேஆஃபுக்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பரம வைரி ஜெயித்தால் வயிறு எரியத்தான் செய்யும், அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாங்கீஸ் பெறும் எல்லா வெற்றிகளும் உங்களுக்குக் கேடு அல்ல. சிலவற்றுக்காக நீங்களே வேண்டிக்கொள்ள நேரிடும்.

2011 செப்டம்பர் 28 அன்று அதுதான் நடந்தது. மாதத் தொடக்கத்தில், டிவிஷனை வெல்லாத அணிகளுக்கான பிளேஆஃப் வாய்ப்பான வைல்டு கார்டு இடத்துக்கான போட்டியில் ஒன்பது ஆட்டங்கள் முன்னிலையில் இருந்த ரெட் சாக்ஸ், கடைசி நாளில் டாம்பா பே ரேஸுடன் சமநிலைக்கு இறங்கியிருந்தது. அன்று ரேஸை எதிர்த்து ஆடியது யாங்கீஸ். டிவிஷனை ஏற்கெனவே வென்றுவிட்ட அவர்களுக்கு அந்த ஆட்டத்தால் ஆதாயம் எதுவும் இல்லை. இருந்தும் 7-0 என முன்னிலை பெற்றபோது பாஸ்டன் முழுக்க அவர்கள் பக்கம் நின்றது. எட்டாவது இன்னிங்ஸில் ரேஸ் ஆறு ரன் எடுத்தது; ஒன்பதாவதில் சமன் செய்தது. பால்டிமோரில் ரெட் சாக்ஸ் 4-3 எனத் தோற்ற சில நிமிடங்களில், இவான் லாங்கோரியாவின் ஹோம் ரன்னால் ரேஸ் 12-வது இன்னிங்ஸில் வென்றது. ரெட் சாக்ஸின் சீசன் அத்துடன் முடிந்தது.

ஆகவே முதலில் உங்கள் அணி எந்த இடத்துக்குப் போட்டியிடுகிறது என்று பாருங்கள். டிவிஷன் பட்டம் எட்டும் தூரத்தில் இருந்தால் யாங்கீஸின் ஒவ்வொரு வெற்றியும் இடிதான். பட்டம் கைநழுவி, வைல்டு கார்டு மட்டுமே மிச்சம் என்றால், அந்த இடத்துக்கு உங்களோடு முட்டும் அணியை யாங்கீஸ் தோற்கடிப்பது உங்களுக்கு லாபம்.

கணக்கு எளிது. சீசனின் 162 ஆட்டங்களோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 163-லிருந்து யாங்கீஸின் வெற்றிகளையும் உங்கள் அணியின் தோல்விகளையும் கழியுங்கள். அவர்களுக்கு 88 வெற்றி, உங்களுக்கு 70 தோல்வி என்றால் மிச்சம் 5. இனி அவர்கள் பெறும் வெற்றிகளும் நீங்கள் காணும் தோல்விகளும் சேர்ந்து ஐந்தைத் தொட்டால், அவர்களை நீங்கள் எட்டிப் பிடிக்கவே முடியாது. சமநிலையில் முன்னுரிமை அவர்களுக்கு என்றால் நான்கே போதும். அட்டவணையில் எப்போதும் தோல்வி எண்ணிக்கையை முதலில் பாருங்கள். ஆடாத ஆட்டத்தை இனி ஜெயிக்கலாம், தோற்றது தோற்றதுதான்.

அந்த முன்னுரிமை லேசுப்பட்டதல்ல. 2022 முதல் சமநிலையை முறிக்கத் தனி ஆட்டம் கிடையாது; நேருக்கு நேர் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்பதே முதல் அளவுகோல். ஒரே டிவிஷன் அணிகள் இப்போது 13 முறை மோதுகின்றன என்பதால், ஏழு ஜெயித்தவர் கை ஓங்கும். 2025-ல் டொரன்டோவும் யாங்கீஸும் 94 வெற்றி, 68 தோல்வி எனச் சமமாக முடித்தன. நேரடி ஆட்டங்களில் 8-5 என முந்திய டொரன்டோ பட்டத்தையும் முதல் சுற்று ஓய்வையும் பெற்றது. யாங்கீஸ் அந்த முதல் சுற்றான வைல்டு கார்டு சுற்றுக்குப் போனது. எனவே ஜூன் மாதத்துச் சாதாரண ஆட்டம்போல் தெரிவதையும் தவறவிடாதீர்கள். உங்கள் கோபத்தை அந்தப் பதின்மூன்று ஆட்டங்களுக்குச் சேமித்து வையுங்கள் என்பேன்.

அதே 2025-ல் உங்கள் அணி யாங்கீஸை 9-4 என அடித்துத் துவைத்திருந்தது. ஆனால் அவர்களையே சந்தித்த வைல்டு கார்டு சுற்றில் மூன்று ஆட்டங்களும் யாங்கீஸ் மைதானத்தில். முதல் ஆட்டத்தில் உங்கள் பந்துவீச்சாளர் கேரட் குரோஷே எட்டாவது இன்னிங்ஸ் வரை வீசி 3-1 என வென்று கொடுத்தார். அடுத்த இரண்டும் போயின. ஆகையால் கடைசி வாரத்தில் யாங்கீஸ் ஸ்கோரைவிட, உங்கள் முதன்மைப் பந்துவீச்சாளர் என்றைக்கு வீசுகிறார் என்பதைக் கவனியுங்கள். பிளேஆஃப் இடத்தைப் பிடிக்கவே கடைசி ஞாயிறன்று அவரை இறக்க வேண்டி வந்தால், செவ்வாய்க்கிழமை தொடங்கும் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு, ஓய்வு தேவைப்படுவதால், அவர் இருக்க மாட்டார்.