நோர்வேஜியக் கூட்டுச்சொற்கள்: எங்கே அழுத்துவது, எங்கே உடைப்பது?

கேள்வி: அக்கா, பார்னெஹாகெ (மழலையர் பள்ளி) மாதிரிச் சொற்களில் எந்த அசையை அழுத்த வேண்டும்?

பதில்: முதல் சொல்லுக்குத் தனியாக எங்கே அழுத்தமோ, அங்கேதான். பார்ன் என்றால் குழந்தை, ஹாகெ என்றால் தோட்டம், நடுவில் உள்ள 'எ' வெறும் ஒட்டு. 'பார்' கனமாக வரும். 'ஹா'வில் இரண்டாம் அழுத்தம். அதன் நெடிலை விழுங்கிவிடாதீர்கள். ஆனால் எப்போதும் முதல் அசைதான் என்று மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பொலிதி (காவல்துறை) ஓஸ்லோப் பேச்சில் 'தி'யில் அழுந்தும். ஆகவே பொலிதிஸ்தஷோன் (காவல் நிலையம்) என்றாலும் அதே 'தி'தான்.

கேள்வி: கூட்டுச்சொல்லைச் சேர்த்து எழுதவில்லை என்று மகனுக்கு ஆசிரியர் சிவப்பு மை போட்டிருக்கிறார். இது அவ்வளவு பெரிய பிழையா?

பதில்: பெரியதுதான். ரொய்க்ஃப்ரித் என்று சேர்த்தால் 'புகைபிடிக்கக் கூடாத இடம்'. ரொய்க் ஃப்ரித் என்று பிரித்தால் 'தாராளமாகப் புகை பிடி'! லம்மெகொத்தெலெத்தர் ஆட்டுக்குட்டி இறைச்சித் துண்டுகள். லம்மெயைப் பிரித்துவிட்டால் அவை முடங்கிப்போன துண்டுகள். நம் 'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' கதைதான். சேர்ந்த சொல்லுக்கு முதன்மை அழுத்தம் ஒன்று, பிரித்தால் இரண்டு. மகனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், காதே காட்டிக்கொடுக்கும். இந்தப் பிழையை நோர்வேக்காரர்களும் செய்கிறார்கள். அதற்கு ஊர்தேலிங்ஸ்ஃபெய்ல் என்று பெயரே உண்டு: ஊர் (சொல்), தேலிங் (பிரிப்பு), ஃபெய்ல் (பிழை). அதுவும் ஒரு கூட்டுச்சொல், பாருங்கள்.

கேள்வி: வரிக் கடைசியில் நத்தோக் (இரவு ரயில்) என்பதை எப்படி உடைப்பது?

பதில்: ஒட்டிய இடத்தில். நத் இரண்டு 'டி'யில் முடிகிறது, தோக் 'டி'யில் தொடங்குகிறது. மூன்று ஒரே மெய் சேர்ந்தால் ஒன்று விழும் என்பதால் சேர்த்து எழுதும்போது இரண்டுதான். வரி உடைந்தால் விழுந்தது திரும்பி வரும்: முதல் வரியில் இரண்டு 'டி', இடைக்கோடு, அடுத்த வரியில் ஒன்று. புஸ்ஸ்தொப் (பஸ் நிறுத்தம்) சொல்லில் 'எஸ்' எழுத்துக்கும் இதே கதை.

கேள்வி: கிறிஸ்தியான்சான் நகரத்துக்கு அழுத்தம் கடைசியில் வருகிறதே?

பதில்: சில ஊர்ப்பெயர்கள் விதிக்கு அடங்காது. கிறிஸ்தியான்சுன்னும் அப்படித்தான்.

கேள்வி: அப்புறம் அந்த ராகம்? சொல்லைப் பாடுவது போல ஏற்றி இறக்கிச் சொல்கிறார்களே?

பதில்: ஓஸ்லோவில் 'பென்னர்' தாழத் தொடங்கி ஏறினால் விவசாயிகள், உயரத் தொடங்கி இறங்கி ஏறினால் பீன்ஸ். பெர்கன் நகரத்தில் மெட்டே வேறு. முதலில் அழுத்தத்தைப் பிடியுங்கள். ராகம் பிசகினாலும் கடைக்காரர் பீன்ஸைத்தான் எடுத்துத் தருவார்.